தமிழ் புரிகிறது, ஆங்கிலம் புரியவில்லை: காக்ளியர் கருவியின் குறையா?

கேள்வி: "பெங்களூரில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு 68 வயது. இரண்டு காதிலும் கேட்கும் திறன் போனபின் சென்ற ஆண்டு காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தினோம். வீட்டில் நாங்கள் பேசுவது பெரும்பாலும் புரிகிறது. ஆனால் வங்கியில் முப்பது ஆண்டுக்கு மேல் ஆங்கிலத்திலேயே புழங்கியவர், இப்போது ஆங்கிலச் செய்தியைப் போட்டால் பாதிகூடப் பிடிபடவில்லை என்கிறார். மருத்துவமனையில் ஆங்கில வாக்கியங்களை வைத்து நடத்திய சோதனையிலும் மதிப்பெண் குறைவு. கருவியில் ஏதும் குறையா? இன்னொன்று: என் தங்கை மகனுக்கும் இரண்டு வயதில் இதே அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. 'நாளை ஆங்கிலப் பள்ளிக்குத்தானே போகப்போகிறான், வீட்டிலும் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்' என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்யலாமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தங்கை காத்திருக்க வேண்டாம்: செய்யக் கூடாது. முதல் கேள்விக்கு, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், கருவி தன் வேலையைச் செய்கிறது என்றே தோன்றுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நல்ல காதில், நத்தை ஓடுபோலச் சுருண்ட உள்காதுப் பகுதியான காக்ளியாவில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் உள் மயிர்ச்செல்கள் சுமார் 3,500 இருக்கின்றன. அவற்றின் இடத்தில் நாம் வைப்பது, நிறுவனத்தைப் பொறுத்து, நரம்பை நேரடியாகத் தூண்டும் 12 முதல் 22 மின்முனைகள். அந்த 22-உம் தனித்தனியாகப் பயன்படுவதில்லை. உள்காது முழுக்கத் திரவம். ஒரு முனையில் செலுத்தும் மின்சாரம் பக்கத்து முனையின் எல்லைக்குள்ளும் பரவுகிறது. 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மின்முனைகளை ஏழு எட்டு வரை கூட்டியபோது புரிதல் உயர்ந்தது. அதற்குமேல் கூட்டியும் பெரும்பாலானவர்களுக்குப் பலனில்லை. ஆகவே அப்பாவின் மூளைக்குப் போய்ச் சேர்வது, பேச்சைச் சில அகலமான அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் ஒலி எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று சொல்லும் ஒரு வரைகோடு மட்டுமே. குரலின் சுருதி அதில் மிகவும் மங்கியிருக்கும். சங்கீதம் ரசித்தவர்கள் கருவி பொருத்தியபின் பாட்டு கேட்கப் பிடிக்கவில்லை என்பது இதனால்தான்.

இவ்வளவு குறைந்த தகவலில் பேச்சு எப்படிப் புரிகிறது? 1995-இல் ராபர்ட் ஷானனும் அவருடன் பணியாற்றியவர்களும் நல்ல காதுள்ளவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பேச்சை நான்கே பட்டைகளாகச் சுருக்கி, சுருதியையெல்லாம் நீக்கி, இரைச்சல்போலாக்கிக் கேட்கவைத்தார்கள். கொஞ்சம் பழகியதும், அமைதியான அறையில் அவர்கள் அந்த வாக்கியங்களைப் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். இன்றும் கருவியின் திறனைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த ஆய்வையே எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் கேட்ட அனைவரும் ஆங்கிலத்தில் ஊறியவர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். இதே வகைச் சோதனையை அந்த மொழியைப் பின்னாளில் கற்றவர்களிடம் செய்தால், அதே அளவு புரிவதற்குக் கூடுதல் பட்டைகள் தேவைப்படுகின்றன. காது அதேதான், ஒலியும் அதேதான். மழையில் நனைந்து மை கரைந்த கடிதத்தை, எழுதியவரின் கையெழுத்தும் பேச்சும் பழகியவர் படித்துவிடுவார். வேறொருவர் எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டிருப்பார். அப்பாவுக்குத் தமிழ் முதல் வகை, ஆங்கிலம் இரண்டாம் வகை.

ஆனால் அவர் முப்பது ஆண்டு ஆங்கிலத்தில் வேலை பார்த்தவராயிற்றே என்று கேட்பீர்கள். அவர் பள்ளியில் எந்த மொழி வழியாகப் படித்தார் என்று கேட்டுப் பாருங்கள். 1997-இல் மேயோ, ஃப்ளாரன்டின், பூஸ் ஆகிய மூவர் ஸ்பானிய மொழிப் பின்னணியுள்ள மெக்சிகர்களிடம் ஆங்கில வாக்கியங்களை இரைச்சலோடு ஒலிக்கச் செய்து பார்த்தார்கள். சிறு வயதிலேயே ஆங்கிலத்துக்குள் வந்தவர்களைவிட, பதினான்கு வயதுக்குமேல் கற்றவர்கள் மிகக் குறைந்த இரைச்சலிலேயே தடுமாறினார்கள். அமைதியில் சரளமாகப் பேசுபவர்கள்தாம் அவர்கள். அடுத்து வரும் சொல்லை வாக்கியத்தின் போக்கை வைத்து ஊகிப்பதில்தான் அவர்களுக்குக் குறை இருந்தது. காக்ளியர் கருவி வைத்தவருக்கோ அமைதியான அறையும் அரைகுறை இரைச்சலுள்ள அறைதான். எனவே இயல்பான காதில் மறைந்து கிடந்த அந்த வேறுபாடு இவர்களிடம் வெளியே வந்துவிடுகிறது.

வங்கி ஆங்கிலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் கண்ணாலும் கையாலும் பழகிய ஆங்கிலம்: சுற்றறிக்கை, கடிதம், பேரேடு. கவுன்டருக்கு வெளியே நின்றவர்களிடம் அவர் பேசியது கன்னடமாகவோ தமிழாகவோ இருந்திருக்கும். காதால் கேட்ட ஆங்கிலமும் பெங்களூர் ஆங்கிலம். லண்டன் செய்தி வாசிப்பாளருடையது அல்ல. நம் ஊர்ச் சோதனை அறைகளில் ஒலிக்கும் ஆங்கிலப் பதிவுகள் பல அமெரிக்கர்கள் பேசியவை. அதில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து அப்பாவின் கருவியை எடைபோடுவது நியாயமில்லை. அந்தப் பதிவைக் கேட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னால், நல்ல காதுள்ள அவருடைய நண்பர்களே சில இடங்களில் விழிப்பார்கள்.

இருந்தாலும் எல்லாவற்றையும் மொழியின் தலையில் கட்டிவிட்டுக் கருவியைக் கவனிக்காமல் இருந்துவிடக் கூடாது. காதையும் மொழியையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. அடுத்தமுறை மேப்பிங் செய்ய, அதாவது ஒவ்வொரு மின்முனையின் அளவையும் அவருக்கேற்பச் சரிசெய்ய, போகும்போது ஆடியாலஜிஸ்டிடம் (கேட்புத்திறன் வல்லுநரிடம்) இரண்டு சோதனைகளைக் கேளுங்கள். ஒன்று, பொருளில்லாத அசைகள்: அபா, அடா, அகா, அமா, அலா என்பவை போல. இதில் ஊகத்துக்கு இடமில்லை. கருவி கொண்டுவந்த ஒலி மட்டுமே பேசும். மற்றொன்று தமிழ்ச் சொற்களும் வாக்கியங்களும். தமிழுக்கென்று சொற்பட்டியல்கள் இருக்கின்றன. அங்கே தமிழ் பேசும் ஆடியாலஜிஸ்ட் இல்லாவிட்டால், பதிவுசெய்த பட்டியலை ஒலிக்கவிட்டு, அப்பா திருப்பிச் சொல்வதை நீங்கள் பக்கத்தில் அமர்ந்து குறித்துக்கொடுக்கலாம். அசைகள் சரியாக இருந்து, தமிழும் நன்றாக இருந்து, ஆங்கிலம் மட்டும் குறைந்தால் அது மொழிச் சிக்கல். அசைகளே குழம்பினால் மேப்பிங்கைத் திருத்த வேண்டும். எந்த மின்முனையாவது வேலை செய்யாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தமிழ் சில வாரங்களுக்குமுன் நன்றாக இருந்து இப்போது சரிகிறது என்றால் தாமதிக்காமல் போய்க் காட்டுங்கள்.

மொழிக்கேற்பக் கருவியையே வேறு மாதிரி அமைக்க முடியாதா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. ஒலியளவைப் பொறுத்தவரை அதற்குத் தேவை குறைவு. 1994-இல் பன்னிரண்டு மொழிகளின் பேச்சை நீண்ட நேரம் பதிவுசெய்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை இருக்கிறது என்று ஒப்பிட்டார்கள். நமக்குப் பக்கத்திலிருந்து சிங்களமும் அந்தப் பட்டியலில் இருந்தது. சராசரியாகப் பார்த்தால் மொழிகள் ஒன்றையொன்று ஆச்சரியப்படும் அளவுக்கு ஒத்திருந்தன. ஆனால் பொருளைச் சுமப்பது சராசரி அல்ல. இந்தச் சொல்லா அந்தச் சொல்லா என்பதைத் தீர்மானிக்கும் ஒலிக்கூறு எது என்பதில்தான் மொழிகள் பிரிகின்றன.

சீன மாண்டரின் இதற்குக் கடினமான எடுத்துக்காட்டு. 'மா' என்ற ஒரே அசை, சுருதி சமமாக இருந்தால் அம்மா, கீழே இறங்கி மேலே ஏறினால் குதிரை. நான்கு தொனிகள் இருக்கின்றன. கருவி மிக மோசமாகக் கடத்துவதே சுருதியைத்தான். அப்படியானால் மாண்டரின் பேசுபவர்கள் மீள வழியே இல்லை என்று நினைப்போம். ஆனால் அவர்கள் சமாளிக்கிறார்கள். தொனி மாறும்போது அசையின் நீளமும் ஒலி ஏறி இறங்கும் விதமும் சேர்ந்தே மாறுகின்றன. இவை இரண்டையும் கருவி நன்றாகக் கடத்துகிறது. மீதியை வாக்கியம் பார்த்துக்கொள்கிறது. இதைவிட எனக்கு வியப்பளிப்பது 2019-இல் தைவான் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்டு டெரோச், சாட்டர்ஜி முதலியோர் வெளியிட்ட ஆய்வு. கருவி பொருத்திய குழந்தைகளில், ஓர் ஒலியின் சுருதி மேலே போகிறதா கீழே போகிறதா என்று சொல்வதில் தைவான் குழந்தைகள் முந்தினார்கள். தொனியில் பொருள் வைத்திருக்கும் மொழியில் வளர்வது, மங்கிய சுருதியையும் உற்றுக் கேட்கப் பழக்கிவிடுகிறது என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

இனி தமிழ். இங்கே நான் சொல்வது, எந்த ஒலிக்கூறு கருவியில் தப்பிப் பிழைக்கும் என்ற பொது அறிவைத் தமிழ் ஒலிகளின்மேல் வைத்துப் பார்ப்பது; அன்றாடம் சிகிச்சை அறையில் கேட்பதோடும் ஒத்துப்போகிறது. தமிழ் பல இடங்களில் கால அளவில் பொருளை வைத்திருக்கிறது. பல், பால், கல், கால், படம், பட்டம், பசை, பச்சை. குறிலும் நெடிலும், ஒற்று இரட்டித்ததும் இரட்டிக்காததும், நம் இலக்கணக்காரர்கள் மாத்திரைக் கணக்கில் அளந்தவை. எவ்வளவு நேரம் ஒலித்தது, நடுவே எவ்வளவு நேரம் ஒலி நின்றது என்பதே வேறுபாடு. காலத்தைக் கடத்துவதில் காக்ளியர் கருவிக்குக் குறையே இல்லை. கருவி பொருத்திய தமிழ்க் குழந்தைகள் குறில் நெடிலைப் பெரும்பாலும் சீக்கிரம் பிடித்துக்கொள்வதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன். வல்லினமா மெல்லினமா என்ற வகை வேறுபாடும் ஓரளவு நன்றாகவே போய்ச் சேர்கிறது. தமிழில் க, ட, ப போன்றவை சொல்லின் இடத்தைப் பொறுத்து அழுத்தமாகவோ மென்மையாகவோ ஒலிப்பதால், அந்த வேறுபாட்டைத் தவறவிட்டாலும் நம் சொந்தச் சொற்களில் பொருள் கெடாது. ஆங்கிலத்தில் அதைத் தவறவிட்டால் கோட் (coat) என்ற உடையும் கோட் (goat) என்ற ஆடும் ஒன்றாகிவிடும்.

கருவி தடுமாறும் இடம், நாக்கு எங்கே தொட்டது என்பது. ந, ன, ண, ல, ள, ழ, ர, ற. இவற்றின் வேறுபாடு அருகருகே உள்ள அதிர்வெண்களில் நுட்பமாக ஒளிந்திருக்கிறது. அகலமான பட்டைகளில் அது கரைந்துபோகிறது. மலையும் மழையும், மனமும் மணமும் தனிச்சொல்லாகக் கேட்டால் குழம்பும். இதில் பெற்றோர் அளவுக்கு மேல் கவலைப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் நல்ல காதுள்ளவர்களே 'வாளைப்பளம்' என்றுதான் சொல்கிறார்கள். வீட்டில் யாரும் சொல்லாத ழகரத்தைக் குழந்தை சொல்லவில்லை என்று சிகிச்சையாளரிடம் முறையிடுவதில் அர்த்தமில்லை. 'குடையை எடுத்துக்கொள், மழை வருகிறது' என்ற வாக்கியத்தில் மலை வரப்போவதில்லை.

நான் உண்மையில் கவலைப்படும் இடம் வேறு: சொல்லின் வால். தமிழில் யார் செய்தது, எத்தனை பேர், எந்த வேற்றுமை என்பதெல்லாம் கடைசி அசையில் தொங்குகிறது. எழுவாயைச் சொல்லாமலே 'வந்தான்', 'வந்தாள்' என்று முடித்துவிடுவோம். எழுத்தில் ன், ள் என்று தெளிவாக இருக்கிறது. வீட்டுப் பேச்சில் 'வந்தான்' என்பதன் கடைசி ஒற்று தனியாக ஒலிப்பதில்லை; நெடில் மூக்கில் முனகி முடிகிறது. 'வந்தாள்' என்பதில் ளகரம் மறைந்து 'வந்தா' என்று நிற்கிறது. ஆகவே ஆணா பெண்ணா என்பது அந்த ஒரு நெடிலில் மூக்கொலி இருக்கிறதா இல்லையா என்பதில் முடிகிறது. அதுவும் வாக்கியத்தின் இறுதியில், குரல் தாழ்ந்த இடத்தில். அப்பாவுக்கு இது பெரிய சிக்கலில்லை. யாரைப் பற்றிய பேச்சு என்று அவருக்குத் தெரியும், இலக்கணம் அறுபது ஆண்டாகத் தலைக்குள் இருக்கிறது. இலக்கணத்தையே இந்தக் கருவி வழியாகக் கட்டிக்கொள்ள வேண்டிய குழந்தைக்கு இது இடறும் இடம். எனவே தங்கையிடம் சொல்லுங்கள்: முதல் இரண்டு ஆண்டுகள் எழுவாயை விழுங்க வேண்டாம். 'மாமா வந்தான்' என்று சொல்லும் வீடாக இருந்தாலும் 'மாமா வந்தார்' என்று சொல்லும் வீடாக இருந்தாலும், மாமாவை முதலில் சொல்லட்டும். ஆங்கிலப் பன்மைக்கு ஒரு மெல்லிய 'ஸ்' மட்டும் வருகிறது. தமிழ்ப் பன்மை 'கள்' முழு அசையாக வருகிறது என்பதால் அங்கே நமக்குக் கொஞ்சம் லாபம்.

இப்போது தங்கை மகனுக்கு வருவோம். பிறவியிலேயே கேளாத குழந்தைக்குத் தலைக்குள் எந்த மொழியும் முன்பே இல்லை. அப்பாவைப் போலக் கடன் வாங்க எதுவும் கிடையாது. அனு ஷர்மாவும் உடன் ஆய்ந்தவர்களும் 2002-இல் காட்டியபடி, மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்தினால் மூளையில் கேட்டலுக்கான பகுதி ஒலிக்குக் காட்டும் மறுவினை வயதுக்குரிய வேகத்தை எட்டிவிடுகிறது. ஏழு வயதுக்குமேல் பொருத்தியவர்கள் பெரும்பாலானோரிடம் அது எட்டுவதில்லை. இரண்டு வயதில் செய்துகொண்டது நல்ல முடிவு. ஆனால் அந்தத் திறந்த கதவின் வழியே மொழி கொட்ட வேண்டும். காலையில் பல் துலக்குவது முதல் இரவில் கதை சொல்வது வரை, தடையில்லாமல், கொஞ்சலும் கோபமும் கேலியுமாக. உங்கள் தங்கையால் அதை எந்த மொழியில் செய்ய முடியும்? மாமியார் எந்த மொழியில் திட்டுவார், தாத்தா எந்த மொழியில் கதை விடுவார்? ஆங்கிலம் மட்டும் என்று விதித்தால் நடப்பது என்னவென்று பலமுறை பார்த்திருக்கிறேன்: 'கம்', 'சிட்', 'ஈட்', 'வாட் இஸ் திஸ்' என்று வீடு சுருங்கிவிடுகிறது. பாட்டி பேச்சையே நிறுத்திவிடுகிறார். பெரியவர்கள் தங்களுக்குள் தமிழில் பேசுவதைக் குழந்தை பக்கத்திலிருந்து கேட்கிறது, ஆனால் அது அவனுக்குரிய மொழி இல்லை என்றாகிவிடுகிறது.

ஒரு மொழியே பாரம், இரண்டு வேண்டாம் என்ற அறிவுரை பழையது. நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டதுதான். 2016-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஃபெரென்ஸ் புன்டாவும் குழுவினரும், வீட்டில் ஸ்பானியம் பேசும் குழந்தைகளை ஆய்ந்தார்கள். காது கேட்கும் கருவியோ காக்ளியர் கருவியோ அணிந்தவர்கள் அவர்கள். இரு மொழியிலும் பயிற்சி பெற்றவர்கள், ஆங்கிலத்தில் மட்டும் பயிற்சி பெற்றவர்களைவிட ஆங்கிலத்திலேயே பின்தங்கவில்லை. மொத்த மொழித்திறனில் முன்னே இருந்தார்கள். சிறிய ஆய்வுதான், இருபது குழந்தைகள். ஆனால் வீட்டு மொழியை விட்டால்தான் பள்ளி மொழி வரும் என்று சொல்பவர்களிடம் இந்த அளவு ஆதாரம்கூட நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டணமின்றிக் கருவி பெறும் குழந்தைகளில் பலருடைய வீடுகளில் தமிழைத் தவிர வேறு மொழியே கிடையாது. அவர்களுக்குப் பேச்சு தமிழில்தான் வருகிறது, ஆங்கிலம் பள்ளியில் பிறகு வருகிறது.

பெங்களூரில் சிகிச்சையாளர் கன்னடமோ ஆங்கிலமோ பேசுபவராக இருக்கலாம். பரவாயில்லை. இந்த வாரம் எந்த ஒலி, எந்த வகை வாக்கியம் என்ற இலக்கை அவரிடம் வாங்கிக்கொண்டு, வீட்டில் தமிழில் செய்யட்டும். காலையில் கருவியை மாட்டியதும் ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைப் பின்னாலிருந்து சொல்லி அவன் திரும்புகிறானா என்று பார்க்கும் பழக்கத்துக்கு எந்த மொழியும் தேவையில்லை. பேசும் தமிழ் வீட்டுத் தமிழாகவே இருக்கட்டும். 'நீ சாப்பிடுகிறாயா' என்று மேடைத் தமிழில் அசை பிரித்துச் சொன்னால் தெளிவாகக் கேட்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். தெருவில் யாரும் பேசாத மொழியைக் கற்றுக்கொண்டு அவன் என்ன செய்வான்? இயல்பான தாளத்தில், கொஞ்சம் நிதானமாக, ஓர் அடி தூரத்திலிருந்து பேசினால் போதும். கருவி மிகத் தாமதமாகப் பொருத்தப்பட்டாலோ வேறு வளர்ச்சிக் குறைகள் சேர்ந்திருந்தாலோ ஒரே மொழியில் கவனத்தைக் குவிப்பது சரியாக இருக்கலாம். அப்போதும் அந்த ஒரு மொழி வீட்டில் புழங்கும் மொழியாகத்தான் இருக்க வேண்டும்.

அப்பாவின் ஆங்கிலத்துக்கும் வழி உண்டு. செய்தி சேனல் வேண்டாம். பின்னணி இசையும் ஒருவர்மேல் ஒருவர் பேசுவதும் யாருக்குமே கடினம். அவருக்கு நன்கு தெரிந்த விஷயத்தை, இந்திய உச்சரிப்பில், எழுத்து வடிவத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்கட்டும். நாளிதழில் ஒரு செய்தியைப் படித்துவிட்டு, அதையே நீங்கள் வாசிக்கக் கேட்பது நல்ல தொடக்கம். பிறகு தாளை மூடிவிட்டு மறுமுறை வாசியுங்கள். கிரிக்கெட் பிடிக்கும் என்றால் ஆங்கில வர்ணனை இன்னும் நல்லது; அடுத்து என்ன சொல்வார்கள் என்பது பாதி முன்கூட்டியே தெரியும். கைபேசி ஒலியைப் பிராசஸருக்கு (காதில் மாட்டும் வெளிக்கருவிக்கு) நேரடியாக அனுப்பும் வசதி அவருடைய மாடலில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அறையின் எதிரொலி நீங்கும். இந்த ஆங்கிலப் பயிற்சியை, அவர் தொலைபேசியில் தமிழில் தடையின்றிப் பேசத் தொடங்கியபின் ஆரம்பித்தால் போதும். மாலையில் களைப்பாக இருக்கும்போது செய்யச் சொல்லாதீர்கள்; இரண்டாம் மொழியைக் கருவி வழியாகக் கேட்பது உடலுழைப்பைப் போலவே அயரவைத்துவிடும்.